டங்கனை ஏன் எப்போதும் கோபி பிரையன்டுக்குக் கீழே வைக்கிறீர்கள்?

நெட்டைக்கொக்கு

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் தலைசிறந்த பத்துப் பேர் என்று யார் பட்டியல் போட்டாலும் ஒரே கதைதான். ஜோர்டன், லெப்ரான், கரீம், மேஜிக், பேர்ட் எல்லாரும் வரிசையாக வருவார்கள், பின்னாலேயே கோபி வந்துவிடுவார். டிம் டங்கனைத் தேடினால் எட்டிலோ ஒன்பதிலோ நிற்பார். சில பட்டியல்களில் பத்துக்கு வெளியே.

சரி, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சாம்பியன் பட்டம் ஆளுக்கு ஐந்து. சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது டங்கனுக்கு 2 (2002, 2003), கோபிக்கு 1 (2008). இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஃபைனல்ஸ் எம்விபி டங்கனுக்கு 3, கோபிக்கு 2. டங்கன் ஆடிய 19 சீசன்களிலும் அவருடைய சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், சீசன் முடிந்ததும் நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளுக்குப் போயிருக்கிறது, ஒருமுறைகூடத் தவறவில்லை. 1998-99இல் சம்பளத் தகராறில் முதலாளிகள் போட்ட லாக்கவுட்டால் சீசனே 50 ஆட்டமாகச் சுருங்கியது. அதை விட்டால் மற்ற 18 சீசன்களிலும் 50 வெற்றிக்குக் குறையவில்லை. சுருங்கிய அந்த சீசனிலும் 37-13, முடிவில் கோப்பை.

ஆட்டம் கவர்ச்சியாக இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

லேக்கர்ஸ்வெறியன்

காரணம் இருக்கிறது அண்ணா. நேருக்கு நேர் மோதிய கணக்கை மட்டும் லாவகமாக விட்டுவிட்டீர்களே!

இருவரும் களத்தில் இருந்து பிளேஆஃபில் மோதியது 1999, 2001, 2002, 2003, 2004, 2008. ஆறு தொடர்களில் நான்கு கோபியின் லேக்கர்ஸுக்கு. 2001 மேற்குப் பிரிவு இறுதியில் 4-0. அதில் மூன்றாவது ஆட்டத்தில் வித்தியாசம் 39 புள்ளி. 2013ஐக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள், அப்போது கோபி குதிகால் தசைநார் அறுந்து வெளியே இருந்தார்.

அப்புறம், ஸ்பர்ஸ் எப்போதாவது அடுத்தடுத்த இரண்டு ஆண்டு பட்டம் வென்றிருக்கிறதா? 1999, 2003, 2005, 2007, 2014. நடுவில் ஒவ்வொரு முறையும் யாரோ இறக்கிவிட்டார்கள். கோபி தொடர்ந்து மூன்று (2000, 2001, 2002), சக ஆட்டக்காரர் ஷாக் (ஷக்கீல் ஓ'நீல்) போன பிறகு மறுபடி தொடர்ந்து இரண்டு (2009, 2010).

மொத்தப் புள்ளிகள் 33,643. டங்கன் 26,496. ஒரே ஆட்டத்தில் 81 போட்ட ஆளை, போர்டில் தட்டித் தட்டி 20 புள்ளி எடுக்கும் ஆளுக்குக் கீழே வைக்கச் சொல்கிறீர்கள். டங்கன் போய் உட்கார்ந்த இடத்தையும் பாருங்கள்: போபோவிச் கோச், பக்கத்தில் டேவிட் ராபின்சன், அப்புறம் மானு ஜினோபிலி, டோனி பார்க்கர், கடைசியில் காவாய் லெனார்ட். எல்லாம் தயாராக இருந்த வீட்டில் குடிபுகுந்தவர்.

சும்மாபார்ப்பவன்

ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

பழையரசிகை

"தயாராக இருந்த வீடு" என்று யார் சொன்னது? 1996-97இல் ஸ்பர்ஸ் 20 வெற்றி, 62 தோல்வி. முதுகும் காலும் படுத்தியதில் ராபின்சன் அந்த சீசனில் ஆடியது ஆறே ஆட்டம். போபோவிச் அதே சீசனின் நடுவில் பழைய கோச்சை நீக்கிவிட்டுத் தானே வந்து உட்கார்ந்தவர். அன்று அவரை யாரும் மேதை என்று கொண்டாடவில்லை, திட்டினார்கள். புது ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், யாருக்கு முதல் தேர்வு என்று குலுக்கும் லாட்டரியில் முதல் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம் இருந்தது பாஸ்டனுக்கு. அதிர்ஷ்டம் சான் அன்டோனியோ பக்கம் சாய்ந்தது. டங்கன் வந்த முதல் சீசனிலேயே 56 வெற்றி. அவருக்கு சராசரி 21.1 புள்ளி, 11.9 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது). புதுமுக விருது கிடைத்தது பெரிய விஷயமில்லை, புதுமுகமாகவே, சீசனின் சிறந்த ஐவரான ஆல்-என்பிஏ முதல் அணியில் இடம் பிடித்தார்.

அந்த ஆள் எங்கிருந்து வந்தார் என்பதையும் பாருங்கள். அமெரிக்க விர்ஜின் தீவுகளில் செயின்ட் குரோய். சின்ன வயதில் கூடைப்பந்தே கிடையாது, நீச்சல்தான். 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அக்கா டிரிஷியா 1988 சியோல் ஒலிம்பிக்ஸில் நீந்தியவர், தம்பியும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் வந்து தீவில் இருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல் குளத்தை நாசம் செய்துவிட்டது. கடலில் பயிற்சி எடுக்கச் சொன்னார்கள். பையனுக்குச் சுறா என்றால் பயம், ஆர்வம் போய்விட்டது. அடுத்த ஆண்டு, பதினான்காவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். அதோடு நீச்சல் முடிந்தது. கூடைப்பந்தை ஒழுங்காகத் தொட்டதே ஒன்பதாம் வகுப்பில்.

படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வேக் ஃபாரஸ்ட்டில் மூன்றாவது ஆண்டு முடிந்ததும் டிராஃப்டுக்குப் போயிருந்தால் பணம் கொட்டியிருக்கும், போகவில்லை. நான்கு ஆண்டும் இருந்து உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் 1997இல் வந்தார். கோபி பள்ளிக்கூடத்திலிருந்து நேராக என்பிஏ. இதில் உயர்வு தாழ்வு இல்லை, ஆனால் இருவருடைய ஆட்டத்திலும் அந்த வித்தியாசம் தெரிகிறது என்பது என் கட்சி. டங்கன் 21 வயதில் வந்து இறங்கும்போதே முழு ஆட்டக்காரர்.

நெட்டைக்கொக்கு

அக்கா சொன்னதோடு சேர்த்து 2003ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இந்த விவாதமே அந்த ஒரு ஆண்டுதான்.

அந்த ஸ்பர்ஸில் யார் இருந்தார்கள்? ராபின்சனுக்கு 37 வயது, கடைசி சீசன், முதுகு வலியோடு ஆடினார். பார்க்கர் இரண்டாவது சீசன் பையன். மானு புதுமுகம். "மூவர் கூட்டணி" என்று நாம் இன்று சொல்வதெல்லாம் பின்னால் வந்த கதை. அந்த பிளேஆஃபில் டங்கனுடைய சராசரி 24.7 புள்ளி, 15.4 ரீபவுண்ட், 5.3 அசிஸ்ட் (புள்ளியாக மாறிய பாஸ்), 3.3 பிளாக் (தடுத்த ஷாட்). அணியில் பந்தைப் பகிர்வதும் அவர், வளையத்தைக் காப்பதும் அவர், முட்டுக்கட்டை விழுந்தால் புள்ளி எடுப்பதும் அவர்.

தம்பி நேருக்கு நேர் கணக்குச் சொன்னார். 2003 இரண்டாவது சுற்று, லேக்கர்ஸ் மூன்று முறை தொடர் சாம்பியன். ஆறாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலீஸில், எதிரே ஷாக், கோபி இரண்டு பேரும். டங்கன் 37 புள்ளி, 16 ரீபவுண்ட். அங்கேயே லேக்கர்ஸ் கதை முடிந்தது.

ஃபைனல்ஸ் ஆறாவது ஆட்டம், எதிரே நியூ ஜெர்சி நெட்ஸ். நான்காவது குவார்ட்டரில் ஸ்பர்ஸ் பின்தங்கி இருக்கிறது. பார்க்கருக்கு ஆட்டம் சரியில்லை, ஸ்பீடி கிளாக்ஸ்டன் என்ற மாற்று கார்டு ஆடிக்கொண்டிருக்கிறார். டங்கன் உள்ளே பந்தை வாங்குகிறார், இரண்டு பேர் பாய்கிறார்கள், வெளியே ஸ்டீபன் ஜாக்சனுக்குத் தள்ளுகிறார், மூன்று புள்ளி. மறுபடி அதே. 19-0 என்று ஓர் ஓட்டம். ஆட்டம் 88-77. டங்கன் 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 8 பிளாக். இன்னும் இரண்டு பிளாக் வந்திருந்தால் ஃபைனல்ஸில் குவாட்ரபிள் டபிள், அதாவது நான்கு கணக்கிலும் இரட்டை இலக்கம். ராபின்சன் கோப்பையோடு ஓய்வு பெற்றார்.

கோபியின் வாழ்க்கையில் இப்படி ஒரு கோப்பையைக் காட்டுங்கள். பக்கத்தில் ஷாக் இருந்தார், அப்புறம் பாவ் கசோல் இருந்தார்.

லேக்கர்ஸ்வெறியன்

2003ஐ யாரும் மறுக்கவில்லை. ஒரே ஆண்டை வைத்து 19 ஆண்டுக்கும் மார்க் போடாதீர்கள் என்கிறேன்.

கடைசி நிமிடத்தில் யாரிடம் பந்தைக் கொடுப்பீர்கள்? ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் மொத்த சராசரி 70 சதவீதத்தைத் தொடாதவர் டங்கன். 2005 ஃபைனல்ஸ் ஐந்தாவது ஆட்டம், டெட்ராய்ட். நான்காவது குவார்ட்டரில் ஃப்ரீ த்ரோ லைனில் நின்று ஒன்றன்பின் ஒன்றாகத் தவறவிட்டார். ராபர்ட் ஹோரி வந்து காப்பாற்றினார். ஹோரி இல்லையென்றால் அந்த ஃபைனல்ஸ் எம்விபி எங்கே? 2013 ஃபைனல்ஸ் ஏழாவது ஆட்டம், மயாமி, ஒரு நிமிடத்துக்கும் குறைவு, இரண்டு புள்ளி பின்தங்கி இருக்கிறார்கள், தன்னைவிட எவ்வளவோ குட்டையான ஷேன் பேட்டியர் மேல் சுலபமான ஷாட். விழவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் கோபி.

சும்மாபார்ப்பவன்

"அப்படிப்பட்ட இடத்தில் கோபி" மூன்று பேர் மேல் சாய்ந்து விழுந்து போட்டிருப்பார். பாஸ் கொடுத்திருக்க மாட்டார், அது மட்டும் நிச்சயம்.

நாலுகால்வாசி

புள்ளிக்கணக்கு போதும், ஆட்டத்தைப் பேசலாமா? கவர்ச்சி இல்லை என்று சொல்பவர்கள் கொஞ்சம் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டிய ஆள் இவர்.

ஸ்பர்ஸில் "ஃபோர் டவுன்" என்று ஒரு செட். நம்பர் நாலு ஆட்டக்காரர், அதாவது டங்கன், கூடையின் இடப்பக்கம் கீழே போய் நிற்பார். மற்ற நால்வரும் தள்ளி இடம் விடுவார்கள். பந்து அவர் கைக்கு வரும். பெரும்பாலான பெரிய ஆட்டக்காரர்கள் முதுகால் இடித்துக்கொண்டு உள்ளே போவார்கள். டங்கன் திரும்பி வளையத்தைப் பார்த்து நிற்பார். பந்து மார்புக்கு மேலே, வலது கால் ஒரு சிறு எட்டு முன்னால் போய் வரும். எதிராளியின் இடுப்பு அசைகிறதா என்று பார்ப்பார். அசையாவிட்டால் அங்கேயே ஷாட். அசைந்தால் ஒரே டிரிபிள், உள்ளே.

அந்த ஷாட் நேராக வளையத்துக்குப் போகாது. ஏறக்குறைய 45 டிகிரிக் கோணத்திலிருந்து போர்டில் வரைந்த சதுரத்தின் மேல் மூலைக்குப் போகும். அந்தக் கோணத்தில் நிற்பவருக்கு வளையத்தைவிட போர்டில் குறி நன்றாகத் தெரியும், கொஞ்சம் வேகம் கூடிப் போனாலும் போர்டு அதை உறிஞ்சிக்கொள்ளும். இந்த ஷாட்டுக்குக் குதிக்க வேண்டியதே இல்லை என்பதுதான் விஷயம். முழங்கால் தேய்ந்தபிறகும் அதே உயரத்தில் கை, அதே மூலை. ஷாக் வைத்த "பிக் ஃபண்டமென்டல்" என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

டிஃபென்ஸில் இன்னும் சுவாரசியம். மொத்தம் 3,020 பிளாக். அவற்றில் பார்வையாளர்கள் வரிசைக்கு அடித்துத் தள்ளியவை குறைவு. கையை நேராக மேலே வைத்துக் கொஞ்சமே எழும்புவார், பந்து விரலில் பட்டுப் பக்கத்திலேயே விழும், ஸ்பர்ஸ் எடுத்துக்கொண்டு ஓடும். மைதானத்துக்கு வெளியே அடித்தால் கைதட்டல் கிடைக்கும், பந்து எதிரணிக்கே திரும்பிப் போகும். ஆல்-டிஃபென்சிவ் அணிகளில் 15 முறை இடம்பிடித்தது சாதனை. ஆனால் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது ஒருமுறைகூடத் தரவில்லை! முட்டோம்போ, மோர்னிங், பென் வாலஸ், ஆர்டெஸ்ட், கேம்பி என்று எல்லாருக்கும் போனது. வெளி வட்டத்தில் சக ஆட்டக்காரர் புரூஸ் போவன் இருந்ததால் பெருமையில் பாதி அவருக்குப் போய்விட்டது என்று நினைக்கிறேன். போவன் தைரியமாக நெருங்கி நின்றதே, தன்னைத் தாண்டினால் பின்னால் டங்கன் இருக்கிறார் என்பதால்தான்.

பழையரசிகை

கடைசி நிமிடம் பற்றித் தம்பிக்கு. 2004, லேக்கர்ஸோடு ஐந்தாவது ஆட்டம். ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், ஷாக் மேலே பாய்ந்து வர, பக்கவாட்டில் விழுந்துகொண்டே ஒரு ஷாட் போட்டார் டங்கன். விழுந்தது. 73-72. மீதி 0.4 நொடி. அந்த 0.4 நொடியில் டெரெக் ஃபிஷர் பந்தை வாங்கித் திரும்பிப் போட்டு ஜெயித்தார். நினைவில் நிற்பது ஃபிஷர். அதற்கு முந்தைய ஷாட்டை இன்று யாரும் எடுத்துப் போடுவதில்லை.

2006, டல்லாஸோடு ஏழாவது ஆட்டம். டங்கன் 41 புள்ளி, 15 ரீபவுண்ட். கடைசி நொடிகளில் மானு செய்த ஒரு ஃபவுலால் நோவிட்ஸ்கிக்கு மூன்று புள்ளி கிடைத்து, ஓவர்டைமில் தோற்றார்கள். 2008, ஃபீனிக்ஸோடு முதல் ஆட்டம். அந்த சீசனில் அதுவரை ஒரு மூன்று புள்ளிகூடப் போட்டிராத மனிதர், முதல் ஓவர்டைமின் கடைசியில் மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார். மொத்தம் 40.

அந்த 2013 ஃபைனல்ஸின் ஆறாவது ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 30 புள்ளி, 17 ரீபவுண்ட் எடுத்த ஆளைக் கடைசிக் கட்டத்தில் போபோவிச் வெளியே உட்கார வைத்தார், மூன்று புள்ளி ஷாட்டைத் தடுக்க வேகமான ஆட்கள் வேண்டுமென்று. லெப்ரான் தவறவிட்ட பந்தை உயரமான போஷ் பிடித்தார், ரே ஆலனுக்குக் கொடுத்தார், மிச்சம் ஊருக்கே தெரியும். டங்கன் உள்ளே இருந்திருந்தால் அந்த ரீபவுண்ட் யாருக்கு? இதைப் பற்றி டங்கன் ஒரு வார்த்தை கோச்சைக் குறை சொன்னதில்லை. இரண்டு நாள் கழித்து நீ சொன்ன பேட்டியர் ஷாட். தவறியதும் இரண்டு கையாலும் தரையை அறைந்தார், அவர் அப்படி உணர்ச்சியைக் காட்டிய தருணங்கள் குறைவு. மறு ஆண்டு அதே மயாமியை 4-1.

லேக்கர்ஸ்வெறியன்

2014 காவாய் எம்விபி, 2007 பார்க்கர் எம்விபி. ஐந்தில் இரண்டு வேறு ஆள் ஜெயித்துக் கொடுத்தது என்று நானும் சொல்லலாம் அக்கா.

நாலுகால்வாசி

சொல்லலாம். ஆனால் அதுதான் டங்கனின் பாதி திறமை. தன்னைச் சுற்றி ஓடிய ஆட்டத்தைப் பார்க்கர் கைக்கு மாற்றிக்கொடுத்தபோது முணுமுணுக்கவில்லை. 2011இல் 61 வெற்றியோடு முதல் இடத்தில் வந்து எட்டாவது இடத்து மெம்பிஸிடம் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். டங்கன் காலம் முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். 2012 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் ஓய்வு கொடுத்து, ஸ்கோர் அட்டையில் ஆடாத காரணம் "ஓல்ட்" என்றே போட்டார்கள். உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்து 2013இல், 37 வயதில், ஆல்-என்பிஏ முதல் அணியில் மறுபடி நின்றார்.

சம்பளமும் அப்படித்தான். 21 மில்லியன் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர் 2012இல் பத்து மில்லியனுக்கும் கீழே இறங்கிக் கையெழுத்துப் போட்டார். மிச்சத்தில் அணியைக் கட்டினார்கள். அதே காலத்தில் கோபி, காயத்திலிருந்து திரும்பும் முன்பே, இரண்டு ஆண்டுக்கு 48.5 மில்லியன். லேக்கர்ஸின் அடுத்த மூன்று சீசன் வெற்றிகள்: 27, 21, 17.

லேக்கர்ஸ்வெறியன்

இந்த வாதம் மட்டும் எனக்குப் பிடிக்கவே இல்லை. உழைப்பவன் கூலியைக் குறைத்துக்கொண்டால் பெருமை, முழுசாக வாங்கினால் சுயநலமா? சம்பள உச்சவரம்பு முதலாளிகள் தங்களுக்காகப் போட்ட வேலி. கோபியைப் பார்க்கத்தான் அரங்கம் நிறைந்தது, டிவிக்காரர்கள் பணம் கொட்டினார்கள். அதில் அவர் பங்கை அவர் வாங்கினார். முதலாளி மிச்சம் பிடிக்க ஆட்டக்காரர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

நெட்டைக்கொக்கு

இது நியாயமான கேள்வி. டங்கனை உதாரணமாகக் காட்டி மற்ற ஆட்டக்காரர்களிடம் பேரம் பேசிய மேலாளர்கள் இருந்திருப்பார்கள். அவர் விட்டுக்கொடுத்ததை மதிக்கிறேன், அதை எல்லாருக்கும் விதியாக்க மாட்டேன். பட்டியலில் மேலே வைக்க எனக்கு அது தேவையும் இல்லை.

சும்மாபார்ப்பவன்

சம்பளச் சண்டை போதும். பெஞ்சில் உட்கார்ந்து சிரித்ததற்காக வெளியேற்றப்பட்ட ஒரே சூப்பர்ஸ்டார் இவராகத்தான் இருக்கும். 2007 ஏப்ரல், டல்லாஸ் ஆட்டம், நடுவர் ஜோயி கிராஃபோர்ட் டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்து அனுப்பிவிட்டார். சிரிப்பதே அபூர்வம், அதற்கும் தண்டனை. டங்கனுக்கு 25,000 டாலர் அபராதம், நடுவருக்கு அந்த சீசனின் மிச்சம் முழுக்கத் தடை.

பழையரசிகை

ஓய்வு பெற்ற விதமும் அப்படியே. 2016இல் கோபிக்கு ஊர் ஊராக விடைபெறும் விழா, கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி. நான் அதையும் ரசித்துத்தான் பார்த்தேன். டங்கன் அதே ஆண்டு ஜூலை 11, அணி ஓர் அறிக்கை விட்டது, அவ்வளவுதான். ஹால் ஆஃப் ஃபேமுக்கு கோபி, கார்னெட், டங்கன் மூன்று பேரும் 2020இல் ஒன்றாகத் தேர்வானார்கள். கோபி அப்போது உயிரோடு இல்லை. விழா 2021 மே மாதம்தான் நடந்தது.

சும்மாபார்ப்பவன்

கார்னெட் பெயர் வந்துவிட்டதே. மினசோட்டாவில் டங்கனும் சான் அன்டோனியோவில் கார்னெட்டும் இருந்திருந்தால்?

நெட்டைக்கொக்கு

அதற்குத் தனி இழை திறவுங்கள் ஐயா, இங்கே வேண்டாம்.

லேக்கர்ஸ்வெறியன்

நீங்கள் சொன்ன 2003 லேக்கர்ஸ் தொடரின் ஆறாவது ஆட்டத்தை முழுசாக ஓட்டிப் பார்த்தேன். நாலுகால்வாசி சொன்ன அந்தக் காலடியையும் கவனித்தேன், ஷாக்குக்கே எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. புதிதாக ஓர் அணி தொடங்கிப் பதினைந்து ஆண்டு நடத்து என்று என்னிடம் கொடுத்தால் முதலில் டங்கனைத்தான் எடுப்பேன். ஆனால் ஒரே ஓர் ஆட்டம், ஏழாவது ஆட்டம், கோப்பை என்றால் எனக்கு கோபி.

நாலுகால்வாசி

ஏழாவது ஆட்டமா? 2005 ஃபைனல்ஸ், டெட்ராய்ட், மூன்றாவது குவார்ட்டரில் ஒன்பது புள்ளி பின்தங்கிய ஸ்பர்ஸை இழுத்து வந்தவர் டங்கன். 25 புள்ளி, 11 ரீபவுண்ட், 81-74. 2010 ஃபைனல்ஸ், பாஸ்டன், கோபி 24 ஷாட் போட்டார். உள்ளே போனது 6.

லேக்கர்ஸ்வெறியன்

அதே ஆட்டத்தில் 15 ரீபவுண்ட் எடுத்தார், அதை ஏன் சொல்லவில்லை? 83-79, கோப்பை எங்களுக்கு.